செராமிக் சவ்வும் ஆக்சிஜனும்: ஒரு மேற்பூச்சின் வரலாறு

ஆக்சிஜன் கடத்தும் செராமிக் சவ்வு என்பது, சுமார் 700 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் காற்றிலுள்ள ஆக்சிஜனை மட்டும் தன் வழியே செல்லவிட்டு, நைட்ரஜன் முதலிய மற்ற வாயுக்களைத் தடுத்து நிறுத்தும் அடர்ந்த பீங்கான் தகடு அல்லது குழாய் ஆகும். சவ்வு என்றதும் சல்லடை போன்ற ஒன்று மனத்தில் தோன்றக்கூடும். இது அப்படிப்பட்டதன்று. மண்பானையின் சுவரில் நுண்துளைகள் இருப்பதால் தண்ணீர் கசிகிறது. இந்தச் சவ்விலோ துளையே இருக்கக் கூடாது. மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தாலும் நைட்ரஜன் நுழைந்துவிடும். ஆக்சிஜன் இதில் வாயுவாகச் செல்வதில்லை. மின்னூட்டம் பெற்ற அயனியாக மாறி, படிகத்துக்குள் இருக்கும் காலியிடங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவிச் சென்று, மறுபக்கத்தில் மீண்டும் வாயுவாகிறது.

இத்தகைய சவ்வின் மேல் இன்னொரு பொருளைப் பூசினால் ஆக்சிஜனின் ஓட்டம் குறையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். சுவரை மேலும் தடிப்பாக்கினால் அதைக் கடப்பது கடினமாவது இயல்பு. ஆனால் தக்க பூச்சைப் பூசிய சவ்வு, பூசாத சவ்வைவிடப் பல மடங்கு ஆக்சிஜனை விடுகிறது. ஆய்வாளர்கள் இதன் காரணத்தை உணர்ந்து, பூச்சைத் திட்டமிட்டுப் பயன்படுத்தத் தொடங்கியதே இத்துறையின் முக்கியமான திருப்பம்.

பேரியத்தில் தொடங்கிய தொழில்

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து விற்கும் தொழில் 19ஆம் நூற்றாண்டில் பேரியம் ஆக்சைடை நம்பித் தொடங்கியது. சூடான பேரியம் ஆக்சைடு காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்றுப் பேரியம் பெராக்சைடாக மாறும். வெப்பத்தை இன்னும் கூட்டினாலோ அழுத்தத்தைக் குறைத்தாலோ ஏற்றதைத் திருப்பித் தந்துவிடும். பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ 1850களின் தொடக்கத்தில் இந்த முறையை விவரித்தார். அவரது வழியில் வந்த பிரின் சகோதரர்கள் 1886இல் லண்டனில் நிறுவனம் தொடங்கி, உருளைகளில் ஆக்சிஜனை அடைத்து விற்றனர்.

இம்முறையின் பகை, காற்றில் மிகச் சிறிய அளவே உள்ள கார்பன் டை ஆக்சைடு. பேரியம் அதனுடன் கூடிப் பேரியம் கார்பனேட்டாக மாறிவிட்டால் பிறகு ஆக்சிஜனை ஏற்காது. அதனால் உலைக்குள் செலுத்தும் காற்றை முன்னதாகவே சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா ஆகியவற்றின் வழியே அனுப்பிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. இந்தச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நூறாண்டுக்கும் மேலான பிறகு, முற்றிலும் வேறு ஓர் ஆய்வகத்தில், இதே பகை மீண்டும் வந்து நின்றது.

பேரியம் முறையின் ஆயுள் நீளவில்லை. ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் வான் லிண்டே 1895இல் காற்றைத் தொழில் அளவில் திரவமாக்கினார். 1902இல் அத்திரவத்தைக் காய்ச்சி வடித்து ஆக்சிஜனைத் தனியே எடுத்தார். இன்றும் உலகின் பெரிய ஆக்சிஜன் ஆலைகள் அம்முறையின் வழித்தோன்றல்களே. 1952இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தூய ஆக்சிஜனை ஊதி எஃகு வடிக்கும் முறை தொழிலுக்கு வந்த பின், ஆக்சிஜனின் தேவை பன்மடங்கு பெருகியது. லிண்டே முறையில் ஒரு டன் ஆக்சிஜனுக்குச் சுமார் 200 யூனிட் மின்சாரம் செலவாகும். காற்றைக் கழித்தல் 180 டிகிரிக்கும் கீழே குளிரவைத்து எடுத்த ஆக்சிஜனை, அடுத்த நொடியே ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலைக்குள் அனுப்புகிறார்கள். உலை எப்படியும் சூடாகத்தானே இருக்கிறது, அந்த வெப்பத்திலேயே ஆக்சிஜனைப் பிரிக்க முடியாதா என்பதே சவ்வு ஆய்வாளர்களின் கேள்வி.

நெர்ன்ஸ்ட் விளக்கும் வாக்னரின் விளக்கமும்

சூடான பீங்கானுக்குள் ஆக்சிஜன் நகரும் என்பதற்கான முதல் தடயம் ஒரு விளக்கில் கிடைத்தது. ஜெர்மனியின் வால்தர் நெர்ன்ஸ்ட் 1890களின் இறுதியில், சிர்க்கோனியம் ஆக்சைடுடன் சிறிதளவு இட்ரியம் ஆக்சைடு கலந்து செய்த சிறு குச்சியை ஒளிரவைத்தார். அறை வெப்பநிலையில் அது மின்சாரத்தைக் கடத்தாது. முதலில் சூடேற்றிவிட்டால் பிறகு தானே மின்சாரத்தைக் கடத்தி வெண்ணொளி வீசும். ஒவ்வொரு முறையும் விளக்கைச் சூடேற்றக் காத்திருக்க வேண்டும் என்பதால், டங்ஸ்டன் இழை வந்ததும் அது வழக்கொழிந்தது. ஆனால் அந்தப் பீங்கான் கலவை வழக்கொழியவில்லை. இன்றும் மோட்டார் வாகனங்களின் புகைக்குழாயில் ஆக்சிஜன் அளவைக் கண்டறியும் உணரியில் இருப்பது பெரும்பாலும் அதே வகைச் சிர்க்கோனியாதான். அந்த உணரியை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1976இல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அந்தக் குச்சிக்குள் மின்சாரத்தைச் சுமப்பது எது என்பதை 1943இல் கார்ல் வாக்னர் விளக்கினார். சிர்க்கோனியம் நான்கு நேர்மின் அலகுகளைக் கொண்ட அயனி, இட்ரியம் மூன்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமரும்போது மின்னூட்டக் கணக்கைச் சரிசெய்ய, சில ஆக்சிஜன் இருக்கைகள் காலியாக விடப்படுகின்றன. பக்கத்திலுள்ள ஆக்சிஜன் அயனி அந்தக் காலி இருக்கைக்குத் தாவ, அது விட்டுச்சென்ற இடம் புதிய காலியிடமாகிறது.

வாக்னர் இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1933இல், உலோகங்களின் மேல் ஆக்சைடு படலம் வளர்வதற்கான கோட்பாட்டை வகுத்திருந்தார். அயனியும் எலக்ட்ரானும் ஒரே படலத்துக்குள் ஒருங்கே நகர்ந்தால்தான் படலம் தடிக்கும் என்பது அதன் சாரம். அந்தக் கணக்கையே சற்று மாற்றினால் சவ்வின் கணக்கு கிடைக்கும். உலோகம் ஏன் துருப்பிடிக்கிறது என்று கேட்டவரின் சமன்பாடு, ஆக்சிஜன் பிரிக்கும் துறைக்கு அடிப்படையாக அமைந்தது. அதன்படி ஊடுருவும் ஆக்சிஜனின் அளவு, இருபுற அழுத்தங்களின் விகிதத்தினுடைய மடக்கைக்கு நேர்விகிதத்திலும் சவ்வின் தடிப்புக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். தடிப்பைப் பாதியாக்கினால் ஓட்டம் இரட்டிப்பாக வேண்டும். மாணவர்க்கும் எளிதில் புரியும் இந்த விதியே பின்னர் பலரை ஏமாற்றியது.

கியூஷூ ஆய்வு

சிர்க்கோனியாவில் அயனி நகரும், எலக்ட்ரான் நகராது. ஆகவே ஆக்சிஜனைத் தொடர்ந்து கடத்த வேண்டுமானால் இருபுறமும் மின்முனைகள் வைத்து வெளியே கம்பி இணைக்க வேண்டும். அயனி, எலக்ட்ரான் ஆகிய இரண்டையும் தானே கடத்தும் பொருள் கிடைத்தால் கம்பியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அழுத்த வேறுபாடு ஒன்றே போதும்.

ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யசுதாகே தெரவோகாவும் அவரது குழுவினரும் 1985இல் அத்தகைய பொருள்களை அறிவித்தனர். லாந்தனம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு ஆகியவை பல விகிதங்களில் கலந்த பெரோவ்ஸ்கைட் வகை ஆக்சைடுகள் அவை. (பெரோவ்ஸ்கைட் என்பது 1839இல் யூரல் மலையில் கண்டறியப்பட்ட கனிமத்தின் பெயர், அதன் படிக அமைப்பைக் கொண்ட எல்லாப் பொருள்களுக்கும் அப்பெயர் வழங்குகிறது.) லாந்தனத்தைக் குறைத்து ஸ்ட்ரான்சியத்தைக் கூட்டக் கூட்ட ஆக்சிஜன் ஓட்டம் உயர்ந்தது. லாந்தனமே இல்லாமல், ஸ்ட்ரான்சியத்துடன் கோபால்ட்டும் இரும்பும் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்த கலவை முன்னணியில் நின்றது.

உலகின் பல ஆய்வகங்கள் உடனே அக்கலவைகளைச் செய்து பார்த்தன. ஒரே கலவைக்கு வெவ்வேறு ஆய்வகங்களில் கிடைத்த அளவுகள் பல மடங்கு வேறுபட்டன. தூள் செய்த விதம், சுட்ட வெப்பம், ஓரங்களை அடைத்த முறை எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் சில உண்மையே. ஆனால் எல்லாரும் சவ்வின் உட்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

தடை எங்கே இருந்தது?

திருவிழா நாளில் பெரிய கோயில் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பிராகாரம் அகலமானது; உள்ளே நடப்பதற்குத் தடையில்லை. ஆனால் வாயிலில் செருப்பைக் கழற்றி, சீட்டு வாங்கி, ஒருவர் பின் ஒருவராக நுழைய வேண்டும். பிராகாரத்தின் நீளத்தைக் குறைத்தால் கூட்டம் விரைவாக நகருமா? நகராது.

சவ்வின் முகப்பில் நடப்பதும் இத்தகையதே. ஆக்சிஜன் மூலக்கூறு முதலில் மேற்பரப்பில் ஒட்ட வேண்டும். இரு அணுக்களாகப் பிளக்க வேண்டும். மொத்தம் நான்கு எலக்ட்ரான்களைப் பெற வேண்டும். பிறகு இரு காலியிடங்களில் அமர வேண்டும். மறுபக்கத்தில் இவை அனைத்தும் தலைகீழாக நடக்க வேண்டும். இதனை மேற்பரப்புப் பரிமாற்றம் என்பர். வாக்னரின் கணக்கு, இந்தப் பரிமாற்றத்துக்கு நேரமே ஆகாது என்று வைத்துக்கொண்டது. தடித்த சவ்வில் அது குற்றமில்லை.

உட்பகுதியின் வேகத்தையும் வாயிலின் வேகத்தையும் தனித்தனியே அளக்கும் வழியை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜான் கில்னர், பிரையன் ஸ்டீல் ஆகியோர் 1980களில் வளர்த்தனர். இயற்கையில் அரிதான, சற்றுக் கனமான ஆக்சிஜன்-18 வாயுவில் பீங்கான் துண்டைக் குறித்த நேரம் சூடேற்றிச் சட்டெனக் குளிர்விப்பார்கள். பிறகு அயனிக் கற்றையால் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகச் செதுக்கி, எந்த ஆழத்தில் எவ்வளவு கன ஆக்சிஜன் இருக்கிறது என்று நிறமாலைமானியில் பார்ப்பார்கள். மேற்பரப்பிலேயே கன ஆக்சிஜன் குறைவாக இருந்தால் வாயில் குறுகியது என்று பொருள். மேற்பரப்பில் நிறைந்தும் ஆழம் செல்லச் செல்ல விரைந்து குறைந்தும் இருந்தால் உட்பாதை மெதுவானது என்று பொருள். ஒரே சோதனையில் இரண்டு எண்களும் கிடைத்தன.

நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகத்தில் ஹென்னி பௌமீஸ்டர், ஹென்க் குரூய்ட்ஹோஃப், ஆன்டன் பர்கிராஃப் ஆகியோர் 1994இல் வெளியிட்ட கட்டுரை இவ்விரண்டு எண்களையும் சவ்வின் தடிப்போடு இணைத்தது. விரவல் கெழுவைப் பரிமாற்றக் கெழுவால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கிறது. அதற்குப் ‘பண்புத் தடிப்பு’ என்று பெயர். சவ்வு அதைவிட மிகத் தடிப்பாக இருந்தால் உட்பகுதி தடையாகும். அதைவிட மெல்லியதாக இருந்தால் மேற்பரப்பு தடையாகும். பயனுள்ள பல பெரோவ்ஸ்கைட்டுகளில் இந்த நீளம் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே வந்தது.

கணக்கொன்று போட்டுப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும். பண்புத் தடிப்பு 0.1 மி.மீ. என்று கொள்வோம். 1 மி.மீ. தடிப்புள்ள சவ்வில் உட்பகுதியின் தடை 10 பங்கு. இரு முகப்புகளின் தடை பங்கொன்றாக 2. ஆக மொத்தம் 12. சவ்வை 0.1 மி.மீ. ஆக மெலிதாக்கினால் உட்தடை 1 ஆகும். முகப்புகளின் 2 அப்படியே இருக்கும். மொத்தம் 3. பத்து மடங்கு மெலிதாக்கியும் ஓட்டம் நான்கு மடங்கே உயர்ந்தது. இன்னும் பத்து மடங்கு மெலிதாக்கி 0.01 மி.மீ. ஆக்கினால் மொத்தத் தடை 2.1. இம்முறை ஒன்றரை மடங்கு கூட இல்லை. அவ்வளவு மெல்லிய பீங்கானை வெடிப்பின்றிச் சுட்டெடுக்க ஒரு குழு ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கலாம்; பலன் அவ்வளவுதான். மாறாக அதே மெல்லிய சவ்வின் இரு முகப்புத் தடைகளையும் பூச்சினால் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் மொத்தம் 0.3 ஆகிறது. ஓட்டம் ஏழு மடங்கு.

பூச்சு செய்யும் வேலை

பூச்சுகள் இரண்டு வழிகளில் உதவுகின்றன. முதல் வழி, வாயில்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. சவ்வு செய்த அதே பொருளின் நுண்தூளைக் குழம்பாக்கிப் பூசி, முழுவதும் இறுகிவிடாத வெப்பத்தில் சுட்டால் பஞ்சு போன்ற நுண்துளைப் படலம் கிடைக்கும். வாயு துளைகளுக்குள் புகுந்து, தூள்மணிகளின் பரப்பெங்கும் அயனியாக மாறலாம். அயனிகள் மணிக்கு மணி தாவி அடர்ந்த சவ்வை அடையும். அடர்ந்த சவ்வும் நுண்துளைப் படலமும் சேர்ந்த இத்தகைய அமைப்புக்கு அமெரிக்காவின் ஏர் புராடக்ட்ஸ் நிறுவனம் 1993இலேயே காப்புரிமை பெற்றது. இதற்கான கணிதத்தை டெங், சோ, ஏபல்ஸ் ஆகிய மூவர் 1994இல் வகுத்தனர். அக்கணக்கு ஒரு வரம்பையும் காட்டியது. படலத்தின் உட்பரப்பு நான்கு மடங்கானால் பலன் ஏறத்தாழ இரு மடங்கே, வர்க்கமூல விதி. மேலும், படலத்தை அளவுக்கு மீறித் தடிப்பாக்கிப் பயனில்லை. தொலைவிலுள்ள மணிகளில் நுழைந்த அயனி சவ்வை வந்தடைவதே பெரும்பாடாகிவிடும். துளைகளில் தேங்கும் வாயுவும் புதிய தடையாகும்.

இரண்டாம் வழி, வாயிலில் நடக்கும் வேலையையே விரைவாக்குவது. பிளாட்டினம், வெள்ளி போன்ற உலோகங்கள் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிளக்க உதவும் வினையூக்கிகள். ஆனால் பிளாட்டினம் விலை மிகுந்தது. வெள்ளியோ 962 டிகிரியிலேயே உருகிவிடும், அதற்கு முன்பே மெல்ல ஆவியாகத் தொடங்கும். ஆகவே ஆக்சைடு பூச்சுகளுக்கே செல்வாக்கு மிகுந்தது. லாந்தனம்-ஸ்ட்ரான்சியம்-கோபால்ட் ஆக்சைடு இவற்றில் பெயர் பெற்றது. அதை மட்டும் கொண்டு முழுச் சவ்வையும் செய்தால் சூட்டில் மிகையாக விரிந்து வெடிக்கும் ஆபத்து உண்டு. உறுதியான, ஆனால் மந்தமான முகப்புள்ள வேறு சவ்வின் மேல் மெல்லிய பூச்சாக இட்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். வலிமைக்கு ஒரு பொருள், வேகத்துக்கு ஒரு பொருள் என்ற இந்தப் பகிர்வே பூச்சின் உண்மையான பெருமை எனலாம். ஒரே பொருளிடம் எல்லா நற்குணங்களையும் எதிர்பார்த்த காலம் இத்துடன் முடிந்தது.

எதிர்பாராத கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு. ஜப்பானின் தோகோகு பல்கலைக்கழகத்தில் சாசே, கவாடா உள்ளிட்டோர் 2008இல், லாந்தனம்-ஸ்ட்ரான்சியம்-கோபால்ட் ஆக்சைடின் இரு வேறு படிக வகைகள் தொட்டுக்கொள்ளும் எல்லைக்கோட்டில் ஆக்சிஜன் பரிமாற்றம் சுமார் ஆயிரம் மடங்கு விரைவாக நடப்பதைக் கண்டனர். தனித்தனியே இரண்டும் சாதாரணமானவை. அவை சந்திக்கும் கோட்டில் மட்டும் இந்த வேகம். அதற்குப் பின் இரு கட்டங்கள் கலந்த பூச்சுகளை நோக்கிப் பலரின் கவனம் திரும்பியது.

பூச்சுகளுக்கும் முதுமை உண்டு. மாதக்கணக்கில் 900 டிகிரியில் இருந்தால் நுண்மணிகள் ஒன்றோடொன்று இணைந்து பருத்துவிடும். எந்தப் பரப்புக்காகப் பூசினார்களோ அந்தப் பரப்பு சுருங்கும். பூச்சிலுள்ள உலோக அயனிகள் சவ்வுக்குள்ளும், சவ்விலுள்ளவை பூச்சுக்குள்ளும் மெல்லக் கலக்கும். ஸ்ட்ரான்சியம் தானாகவே மேற்பரப்புக்கு வந்து படிந்து வாயிலை அடைக்கும் வழக்கமும் உண்டு. முதல் நாள் அளந்த ஓட்டத்தை மட்டும் தரும் ஆய்வறிக்கையைக் கொஞ்சம் ஐயத்துடன் படிப்பதே முறை.

பேரியம் திரும்புகிறது

சீனாவின் தாலியன் வேதி இயற்பியல் நிறுவனத்தில் ஷாவோ சோங்பிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2000இல், தெரவோகாவின் சிறந்த கலவையில் ஸ்ட்ரான்சியத்தின் பாதியை எடுத்துவிட்டுப் பேரியத்தை வைத்தனர். பெரிய அயனியான பேரியம் படிகத்தை விரித்துப் பிடித்தது. அயனிகள் எளிதில் தாவின. பேரியம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு என்னும் நான்கின் ஆங்கில முதலெழுத்துகளால் பி.எஸ்.சி.எஃப். என்று அழைக்கப்படும் இக்கலவை, ஆக்சிஜனைக் கடத்துவதில் எல்லாரையும் மிஞ்சியது. 2004இல் ஷாவோவும் அமெரிக்காவின் சோசினா ஹெய்லும் அதை எரிபொருள் மின்கலத்தின் மின்முனையாகவும் பயன்படுத்திக் காட்டினர்.

பேரியத்தோடு பழைய பகையும் வந்தது. ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அர்னால்ட், வாங், ஃபெல்ட்ஹாஃப் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிஜன் வெளிவரும் பக்கத்தில் தூய கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தியதும் ஓட்டம் நின்றுபோனது. சவ்வின் முகப்பில் கார்பனேட் படிந்திருந்தது. மீண்டும் ஹீலியத்தைச் செலுத்தியதும் ஓட்டம் திரும்பியது. பிரின் சகோதரர்கள் சுண்ணாம்பால் காற்றைக் கழுவியதற்கு எந்தக் காரணமோ, அதே காரணம்தான் இங்கும். இது ஆய்வகத்தோடு முடியும் சிக்கலும் அன்று. நிலக்கரியைத் தூய ஆக்சிஜனில் எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துப் புதைக்கும் மின்நிலையத் திட்டங்கள் அப்போது ஐரோப்பாவில் முனைப்பாக இருந்தன. அங்கே சவ்வைச் சுற்றி ஓட வேண்டிய வாயுவே கார்பன் டை ஆக்சைடு. இதற்கு மேல் பி.எஸ்.சி.எஃப். 850 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் அதன் கனசதுரப் படிகம் மெல்ல அறுகோண வடிவுக்கு மாறி, கடத்தும் திறனையும் இழக்கும்.

எனவே பூச்சுக்கு வேகம் கூட்டுவதோடு காவல் காக்கும் வேலையும் வந்து சேர்ந்தது. கார்பன் டை ஆக்சைடைப் பொருட்படுத்தாத சீரியம் ஆக்சைடு வகைகளைப் பேரியம் சவ்வின் மேல் பூசிப் பார்த்தனர். காவலுக்கான பூச்சு துளையின்றி அடர்ந்திருக்க வேண்டும். வேகத்துக்கான பூச்சு துளைகளோடு விரிந்திருக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் தேவைகள். பேரியம் சவ்வு சூட்டில் சீரியம் ஆக்சைடைவிட மிகுதியாக விரிவதால் பூச்சு உரிந்துபோகும் தொல்லையும் உண்டு.

ஆலையை நோக்கி

குழாய் உடைவதே முதல் ஆலை முயற்சிகளின் தலைவலி. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் யு. பாலச்சந்திரன் உள்ளிட்ட குழுவினர் 1990களின் நடுவில், குழாயின் ஒருபுறம் காற்றும் மறுபுறம் மீத்தேனும் செலுத்தினர். தெரவோகாவின் கலவையில் செய்த குழாய்கள் விரைவிலேயே வெடித்தன. ஒருபுறம் ஆக்சிஜன் மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் இருந்ததால், ஒரே குழாயின் இரு முகங்களும் வெவ்வேறு அளவில் விரிந்ததே காரணம். ஸ்ட்ரான்சியம்-இரும்பு-கோபால்ட் கலந்த மற்றொரு ஆக்சைடில் செய்த குழாய் 1000 மணி நேரத்துக்கும் மேல் தாங்கியது.

ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஸ்டெஃபான் பாவ்மன் குழுவினர் 2011இல், 70 மைக்ரான் தடிப்புள்ள பி.எஸ்.சி.எஃப். படலத்தை நுண்துளைத் தாங்கியின் மேல் அமைத்துச் சோதித்தனர். 1000 டிகிரியில் தூய ஆக்சிஜனை ஊட்டியபோது ஒரு சதுர செ.மீ. பரப்பில் நிமிடத்துக்கு 67 மில்லிலிட்டருக்கும் மேல் ஊடுருவியது. வெறும் காற்றை ஊட்டியபோது அந்த எண் 12ஐ ஒட்டியே நின்றது. தாங்கியின் துளைகளில் நைட்ரஜன் தேங்கி, உள்ளே வர வேண்டிய ஆக்சிஜனை மறித்ததும் இதற்கு ஒரு காரணம். உட்பகுதியிலிருந்து முகப்புக்கு நகர்ந்த தடை, இப்போது முகப்பிலிருந்து தாங்கிக்கு நகர்ந்துவிட்டது.

ஏர் புராடக்ட்ஸ் நிறுவனம் அமெரிக்க எரிசக்தித் துறையின் துணையோடு, பீங்கான் வில்லைகளை அடுக்கிச் செய்த அலகுகளை மேரிலாந்து மாநிலத்தில் நாளொன்றுக்கு 5 டன் அளவில் இயக்கிப் பார்த்தது. பின்னர் லூசியானாவில் 100 டன் இலக்குடன் ஒரு நிலையம் கட்டப்பட்டது. லிண்டே வழி ஆலைகளோ ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டன் தருகின்றன. அவற்றைச் சவ்வுகள் இன்னும் இடம்பெயர்க்கவில்லை. ஆயிரக்கணக்கான பீங்கான் வில்லைகளில் ஒன்றும் வெடிக்காமலும், ஓரங்களில் ஒட்டிய அடைப்பு கசியாமலும், பூச்சு உரியாமலும் ஆண்டுக்கணக்கில் 900 டிகிரியில் ஓட வேண்டும். ஆய்வகத்தில் ஒரு நாணயம் அளவுள்ள வட்டில் கிடைத்த எண்ணுக்கும் இந்த நிபந்தனைக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்கும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையே கோபால்ட்டும் பேரியமும் இல்லாத, ஓட்டம் சற்றுக் குறைந்தாலும் கார்பன் டை ஆக்சைடுக்கு அஞ்சாத சவ்வுகளைத் தேர்ந்து, குறைந்த ஓட்டத்தை மேற்பூச்சினால் ஈடுசெய்யும் போக்கு ஆய்வாளரிடையே வலுத்துவருகிறது.